முப்பத்தொன்றாம் தாள்

நான் சொல்லப்போவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பத்தொன்பது வருடமாக நானே அதை நம்பவில்லை. நம்பாமலே மேடையில் நின்று சொல்லியிருக்கிறேன், மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன், அச்சிலும் போட்டிருக்கிறேன். நம்பாத ஒன்றை அத்தனை தெளிவாகச் சொல்ல எனக்கு எப்படி வந்தது என்பதுதான் இன்னும் புரியவில்லை.

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் ஏறும்போதே பார்த்தேன். இடது காதில் பஞ்சு, மடியில் ஸ்கேன் கவர். இத்தனை இடம் இருக்க, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். இல்லை, இல்லை, நகர வேண்டாம். உட்காருங்கள். அந்தக் கவரை மட்டும் பிரிக்காதீர்கள். நான் ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர். திருநெல்வேலியில் இருபது வருடமாக அதுதான் வேலை. பெயர் குற்றாலிங்கம். ஆனால் இன்றைக்கு யாருடைய படத்தையும் நான் பார்ப்பதாக இல்லை.

காது ஒழுகுகிறதா? நாற்றம் உண்டா? தலை சுற்றுகிறதா? சரி, சரி. பயப்படாதீர்கள். சும்மா கேட்டேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். காதுச் சவ்வு இருக்கிறதே, அது சிலருக்கு மேல் பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு சின்னப் பை மாதிரி ஆகிவிடும். அந்தப் பையில் தோல் உதிர்ந்து உதிர்ந்து சேரும். வெளியே இருந்தால் குளிக்கும்போது போய்விடுகிற தோல்தான். உள்ளேயோ வெளியேற வழியில்லாமல் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வளரும். வளர்ந்து எலும்பைத் தின்னும். கொலஸ்டியட்டோமா என்று பெயர். புற்று அல்ல, பயப்படாதீர்கள். ஆனால் தின்னும். முதலில் காது கேட்க உதவுகிற சிற்றெலும்பு. அப்புறம் ஒரு பக்கம் மூளைக்கும் காதுக்கும் நடுவே இருக்கிற கூரை, இன்னொரு பக்கம் நாம் விழாமல் நிற்க உதவுகிற அரைவட்டக் குழாய். இவற்றுக்கெல்லாம் நடுவே முகத்துக்குப் போகிற நரம்பு ஓடுகிறது, ஒரு எலும்புக் குழாய்க்குள். அந்த எலும்பு எவ்வளவு மெல்லியது என்றால், அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்குள்ளே ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்குமே, அது மாதிரி.

நான் சொல்ல வந்தது அந்த எலும்பைப் பற்றித்தான். ஒரு ஆளுக்கு அது இருந்ததா, இல்லையா. அவ்வளவுதான் கதை.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. ஊருக்கு வந்த புதிது. பாளையங்கோட்டையில் டாக்டர் ஜெபமணி என்று காது சர்ஜன் ஒருவர் இருந்தார். எனக்கு இருபது வயது மூத்தவர். கை அவ்வளவு சுத்தம். காது ஆபரேஷன் என்றால் தூத்துக்குடியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் அவரிடம்தான் வருவார்கள். அவர் தன் நோயாளிகளை எல்லாம் ஸ்கேனுக்கு என்னிடம் அனுப்பினார். ஆபரேஷன் முடிந்து மறக்காமல் போன் செய்து, "லிங்கம், நீ சொன்ன மாதிரியே இருந்துச்சுப்பா" என்பார். நான் சொல்லாத ஒன்று இருந்தால் அதையும் சொல்வார். யார் அப்படிச் செய்வார்கள்? ரிப்போர்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிற சர்ஜன்கள்தான் அதிகம்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். படத்தில் நான் காண்பதும், திறந்து பார்க்கும்போது அவர் காண்பதும் எவ்வளவு பொருந்துகின்றன என்று நாற்பது பேரை வைத்துப் பார்க்கலாம், கட்டுரை எழுதலாம். அதற்காக ஒரு தாள் அச்சடித்தேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ஸ்கேனில் கண்டது, வலது பக்கம் ஆபரேஷனில் கண்டது. பக்கத்துக்கு நான்கு வரிசை: சிற்றெலும்பு, கூரை, அரைவட்டக் குழாய், முக நரம்பின் எலும்பு. வரிசைக்கு இரண்டு கட்டம். இருக்கிறது, இல்லை. ஒன்றில் டிக் போட வேண்டும்.

இரண்டே கட்டம். 'சொல்ல முடியாது' என்று மூன்றாவதாக ஒன்று போடச் சொல்லி என் மனைவி சொன்னாள். அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். "எல்லாத்துக்கும் உங்களால சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். அப்படி ஒரு கட்டம் வைத்தால் முடிவு வழவழவென்று இருக்கும், எந்தப் பத்திரிகையும் போடாது என்றேன்.

இடது பக்கத்தை நான் நிரப்பி, ரிப்போர்ட்டோடு பின் அடித்து அனுப்புவேன். ஆபரேஷன் முடிந்து வலது பக்கம் நிரம்பி வரும். ஆமாம், ஒரே தாள்தான். இரண்டு தாளாகப் போட்டிருந்தால் ஒன்று தொலையும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

முப்பத்தொன்றாவதாக வந்தவன் சொரிமுத்து. இருபத்தொன்பது வயது. பாபநாசம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கறுத்து, நெடுநெடுவென்று, வாய் ஓயாமல் பேசுகிற ஆள். அந்தக் காலத்து மெஷினில் காதை முன்பக்கமாக வெட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, தாடையை முன்னால் நீட்டித் தொங்கவிட வேண்டும். பத்து நிமிடம் அசையக்கூடாது. அவன் மெஷினுக்குள்ளிருந்தே பேசினான்: "பஸ்ஸுல படியில தொங்குனது பத்தாதுன்னு இங்கயும் தொங்கவிடுதியளே, சார். டிக்கெட் யாரு எடுக்க?" உள்ளே டெக்னீசியன் சிரித்து, முதல் வரிசைப் படம் ஆடிப்போய், மறுபடி எடுத்தோம்.

இப்போது இதைக் கவனமாகக் கேளுங்கள். நான் எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். படத்தில் சிற்றெலும்பின் ஒரு கால் இல்லை. தெளிவு. கூரை இருந்தது. குழாய் இருந்தது. முக நரம்பின் எலும்பு? அந்த இடத்தில் மூன்று படம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு படம். எலும்போ அதில் கால் பங்கு கனம்கூட இல்லை. பக்கத்திலேயே நோய் வந்து அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு படத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. மூன்றாவதில் தெரியவில்லை. மூன்றில் இரண்டு. பஞ்சாயத்துத் தேர்தல் மாதிரி பெரும்பான்மை பார்த்தேன். 'இருக்கிறது' என்று டிக் போட்டேன். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன். எலும்பு பழுதின்றி உள்ளது.

ஏன் அப்படிச் செய்தேன்? வெளியே ஆட்கள் காத்திருந்தார்களா? பசியா? எனக்கு நினைவில்லை. நினைவிருக்கிறது என்று சொன்னால் அது பொய். அதற்கு முந்தைய முப்பது தாளில் நரம்பு வரிசை முழுக்கப் பொருந்தி வந்திருந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிறபோது காது சர்ஜன்கள் முதலில் ஒன்று சொல்வார்கள்: "பல்லைக் காட்டு, கண்ணை மூடு." முகம் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைந்தால் நிம்மதி. சொரிமுத்து பல்லைக் காட்டினான். வாய் வலது பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு போனது. கண்ணை மூடினான். இடது கண் மூடவில்லை.

டாக்டர் ஜெபமணி அன்று சாயங்காலமே என் சென்டருக்கு வந்தார். போன் செய்யாமல் நேரில் வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்காரவில்லை.

"லிங்கம், அந்தக் கண்டக்டர் பையனுக்கு முகம் கோணிருச்சுப்பா."

"சார், எலும்பு..."

"எலும்பு இருந்துச்சு. நீ எழுதுனது சரி. டிரில் சூட்டுல நரம்பு வீங்கியிருக்கும். ஆறு மாசத்துல சரியாயிரும். உன் ரிப்போர்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீ மனசுல எதையும் வச்சுக்காத."

மறுநாள் தாள் வந்தது. வலது பக்கம் நான்காவது வரிசை: இருக்கிறது. டிக்.

இதைத்தான் சொன்னேன், நான் நம்பாத கதை என்று. எலும்பு இருந்தது, சூட்டில் வீங்கியது, என் ரிப்போர்ட்டுக்குச் சம்பந்தமில்லை. நான் கேட்காமலே அவர் இத்தனையும் சொன்னார். அதுவும் உட்காராமல். சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லவா ஒரு மனிதர் ஆபரேஷன் முடிந்த களைப்போடு நேரில் வருவார்? அப்படியும் யோசிப்பேன். இல்லை, அவர் நல்ல மனிதர், சின்னவன் பயந்துவிடக் கூடாதே என்று வந்திருப்பார் என்றும் யோசிப்பேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னார் என்று யோசித்த நாளும் உண்டு. அந்த நாள் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதத்தில் பாதி சரியானது. முழுக்க ஆகவில்லை.

கட்டுரை வெளிவந்தது. நாற்பதில் நாற்பது. நரம்பின் எலும்பு வரிசையில் ஒரு தாள்கூடப் பிசகவில்லை. சென்னையில் ஒரு மாநாட்டில் வாசித்தேன். கை தட்டினார்கள். டீ நேரத்தில் வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், அவரும் படம் பார்க்கிறவர்தான், தோளில் தட்டிச் சொன்னார்: "எங்க மெஷினுக்கெல்லாம் அந்த எடத்துல கண்ணு தெரியாதே தம்பி. உங்க மெஷினுக்கு மட்டும் திருஷ்டி கழிச்சிருக்கீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் ஏன் அவரிடமே கேட்கவில்லை என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லைதான். டாக்டர் ஜெபமணி அதற்கப்புறம் பதின்மூன்று வருடம் இருந்தார். வாரத்துக்கு நாலு முறை பேசினோம். என் மகள் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம். ஆறு வருடத்துக்கு முன்னால் தவறிப்போனார். கல்லறைத் தோட்டத்தில் நான் அழுததைப் பார்த்து அவர் மனைவியே எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டேன். நாலாவது கேட்டேன். என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று வயிறு தெரிந்துகொண்டது போல.

அந்தப் பையன் என்ன ஆனான் என்கிறீர்களா? சொல்கிறேன்.

இந்த ஆடி மாதம், காலை பதினொரு மணி இருக்கும். சென்டரில் வரிசையில் ஒரு ஆள், உங்களைப் போலவே காதில் பஞ்சு. தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். சிரித்தான். பாதிச் சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆளே தெரிந்தது.

"சார், நல்லாருக்கியளா? நம்ம காது திரும்பவும் கதவத் திறந்துட்டுல்லா. பத்தொன்பது வருசம் தாங்கிருக்கு. கம்பெனி பஸ்ஸுகூட அத்தன வருசம் ஓடாது."

"இன்னும் கண்டக்டராத்தான் இருக்கியா?" என்று கேட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டேன்.

"எங்க சார்! விசில் ஊதுனா காத்து இந்தப் பக்கமா போயிருது. டிரைவர் அண்ணாச்சி, 'ஏலே, என்னல புஸ்ஸு புஸ்ஸுங்க, டயரு பஞ்சரா'ன்னு எறங்கிப் பாப்பாரு. ஒரு மாசம் தகரத்தத் தட்டி ஓட்டுனேன். பெறவு மொதலாளி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா ஒக்கார வச்சிட்டாவ. அங்கயும் வாயி வேணும்லா. கத்துதேன், எச்சி ஒழுகுது, தொடைச்சிக்கிட்டே கத்துதேன்."

அவனே சிரித்துக்கொண்டான். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னான். "பெரிய டாக்டர் அன்னைக்கே சொன்னாவ சார். 'லிங்கம் எடுத்த படத்துனாலதாம்ல நீ உசுரோட இருக்க, இல்லன்னா மூளைக்குப் போயிருக்கும்'னு. வருசா வருசம் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போறப்ப ஒங்க பேருக்கும் சேத்துத்தான் கும்பிடுதேன்."

நான் உள்ளே போய்ப் படத்தைப் பார்த்தேன். இப்போதைய மெஷின் அரை மில்லிமீட்டருக்கு ஒரு படம் எடுக்கிறது. ஆனால் பழைய ஆபரேஷன் குழி முழுக்க அடைந்து கிடக்கிறது. நரம்பு எங்கே, வடு எங்கே, நோய் எங்கே, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அவன் பழைய படத்தையும் கொண்டுவந்திருந்தான். மஞ்சள் கவர், ஓரமெல்லாம் கிழிந்து, செலோ டேப் ஒட்டி. லைட் பாக்ஸில் மாட்டினேன். மூன்று படம். பத்தொன்பது வருடம் கழித்தும் மூன்றில் இரண்டுதான். மூன்றாவதை ரொம்ப நேரம் பார்த்தேன்.

மறுநாள் டாக்டர் நிலோஃபர் போன் செய்தாள். புது சர்ஜன், மேலப்பாளையத்துப் பெண், கெட்டிக்காரி. அவள்தான் அவனுக்கு மறுபடி ஆபரேஷன் செய்யப் போகிறாள்.

"சார், சொரிமுத்து கேஸ். பழைய ஆஸ்பத்திரிய மூடிட்டாங்க, நோட்ஸ் எதுவும் கிடைக்கல. அதனால உங்க கட்டுரையத் தேடி எடுத்துப் படிச்சேன் சார். முப்பத்தொன்னாவது கேஸ் இவர்தானே, வயசு ஒத்துப்போகுது? முதல் ஆபரேஷன்ல நரம்பு மேல எலும்பு இருந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. அப்போ அந்த இடத்துல நான் கொஞ்சம் தைரியமா சுத்தம் பண்ணலாமில்ல? பாதி முகம்தான் மிச்சம் இருக்கு. அதையும் கெடுத்துட்டா என்னால தாங்க முடியாது சார்."

'தெரியாது, எலும்பு இல்லையென்றே வைத்துக்கொண்டு போ' என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஒரு வரி. சொன்னால் நாற்பதில் நாற்பது என்னவாகும்? அது ஒரு கணம் வந்து போனது. ஒரு கணம்தான். "பார்த்துச் சொல்றேம்மா" என்றேன். "வியாழக்கிழமை கேஸ் சார்" என்றாள். இன்றைக்குச் செவ்வாய்.

இதோ, போன் அடிக்கிறது பாருங்கள். அவள்தான். காலையிலிருந்து நாலாவது தடவை. எடுக்கிறேன், எடுக்கிறேன். திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுவேன். முதலில் உங்களிடம் சொல்லி முடிக்கிறேன்.

அந்தத் தாளின் வலது பக்கத்தை எழுதியது யார் என்று யோசித்தேன். டாக்டர் ஜெபமணியின் கையெழுத்து கீழே இருக்கும். டிக் போட்டது வேறு கை. தியேட்டரில் அவருக்குக் கருவி எடுத்துக் கொடுத்த சிஸ்டர் ஞானசெல்வம். இருபது வருடம் அவர் பக்கத்திலேயே நின்றவர். இப்போது எழுபது வயது இருக்கும். நாகர்கோவிலில் மகன் வீட்டில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இன்று காலை போனேன்.

வாசலில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "யாரு, லிங்கம் டாக்டரா? எனக்க காதுல ஒரு கேடும் இல்ல பாத்துக்கிடுங்க. கண்ணுதான் போச்சு" என்றார். உள்ளே உட்கார வைத்து, பழம்பொரி, அதுதான் அந்தப் பக்கத்து வாழைப்பழ பஜ்ஜி, கொடுத்தார். நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். நாற்பதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றாவதை மட்டும் கொண்டுபோயிருந்தேன்.

"இந்த வலது பக்கத்தை எப்போ எழுதுவீங்க சிஸ்டர்? ஆபரேஷன் முடிஞ்ச உடனேயா?"

"முடிஞ்ச பெறவு எங்க டாக்டர் நேரம்? அடுத்த கேஸு டேபிள்ல கெடக்கும். கையில கிளவுஸு. பேனா யாரு பிடிக்க? காலையில கேஸு எடுக்கதுக்கு முன்னாலயே நாலு வரியும் டிக் போட்டு வச்சிருவேன்."

"முன்னாலயேவா? எதைப் பார்த்து?"

சிஸ்டர் என்னை வியப்பாகப் பார்த்தார். "இந்தப் பக்கத்தப் பாத்துத்தான்" என்று இடது பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

பஸ் குலுங்குகிறது, பஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், விழப்போகிறது. ஆமாம், நீங்கள் புரிந்துகொண்டீர்கள். நாற்பதில் நாற்பது. நானே எழுதி நானே பார்த்துக் கை தட்டிக்கொண்ட நாற்பது.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. "இப்படிச் செய்யலாமா சிஸ்டர்? இது ஆராய்ச்சி இல்லையா? பார்த்ததைத்தானே எழுதணும்?"

அவர் கையிலிருந்த கறிவேப்பிலைத் தட்டைக் கீழே வைத்தார்.

"மொதல்ல பாத்ததத்தான் எழுதினேன் டாக்டர். ஏழாவது தாளு. மறந்துபோச்சா? நீங்க எலும்பு இருக்குன்னு போட்டிருந்திய. தொறந்தா இல்ல. சார் சொன்னாரு, நான் 'இல்ல'ன்னு போட்டு அனுப்பினேன். அன்னைக்கு மத்தியானமே நீங்க போன் போட்டிய. தியேட்டர் போனு, நான்தான் சாருக்க காதுல பிடிச்சிட்டு நின்னேன். எனக்கும் கேட்டுது. 'ரத்தம் மறைச்சிருக்கும் சார், இன்னொருக்க யோசிச்சுப் பாருங்க'ன்னு எவ்வளவு நேரம் பேசினிய! சாரு கடைசியில சரிப்பா சரிப்பான்னாரு. வச்ச பெறவு எனக்கிட்டச் சொன்னாரு, 'அந்தத் தம்பி மனசு சங்கடப்படுது. படத்துல உள்ளதயே மொதல்ல போட்டுரு சிஸ்டர். மாறுனா நான் சொல்லுதேன்'னு. பெறவு அவரு சொல்லவே இல்ல. நானும் கேக்கல."

இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். இல்லை. மறக்கவில்லை. ஏழாவது தாளில் நானே வெள்ளை மை தடவித் திருத்தியிருக்கிறேன். கட்டுரை எழுதும்போது அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் மேடாக இருக்கும்.

அப்புறம் நான் மறுபடி தாளைப் பற்றித்தான் கேட்டேன். மற்றத் தாள்கள், எட்டாவது, பன்னிரண்டாவது, எத்தனை இப்படி என்று. சிஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பதில் சொல்லிவிட்டு, திடீரென்று, "அந்தக் கண்டக்டர் பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்றார்.

சொன்னேன். வியாழக்கிழமை ஆபரேஷன் என்றேன். நிலோஃபர் கேட்டதையும் சொன்னேன்.

"வியாழக்கெழமையா? நாளைக்கு மறுநாளு! அட என்ன மனுசன் டாக்டர் நீங்க! ஒரு மணி நேரமா தாளு தாளுன்னு உசிர வாங்குதிய. ஆளு டேபிள்ல படுக்கப் போறான், அத இப்பத்தான் சொல்லுதிய!"

பழம்பொரி கையில் ஆறிப்போய் எண்ணெயாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னைக்குக் காலையிலயும் நான் டிக் போட்டுத்தான் வச்சிருந்தேன்" என்றார். "ஆபரேஷன் பாதியில சாரு பேச்சக் கொறச்சிட்டாரு. அவரு பாடிக்கிட்டே வேல செய்யக்கூடிய ஆளு, ஒங்களுக்குத் தெரியுமே. அன்னைக்குப் பாட்டு நின்னுபோச்சு. பையன் முழிச்சான், பல்லக் காட்டுன்னாரு, கண்ண மூடுன்னாரு. பாத்தாரு. வெளிய வந்து இந்தத் தாளக் கேட்டாரு. எப்பவும் கேக்கமாட்டாரு, நான்தான் நீட்டணும். அன்னைக்கு அவராக் கேட்டாரு. பேனாவத் தொறந்தாரு. தாளுக்கு மேல பிடிச்சிட்டு அப்படியே நின்னாரு டாக்டர். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பெறவு கீழ கையெழுத்த மட்டும் போட்டு, பேனாவ மூடிச் சட்டப்பையில வச்சிட்டு, 'நான் லிங்கத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வாறேன்'னு போயிட்டாரு."

நான் தாளை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. வாங்கினால் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவேன் என்று தெரியும். கும்பிட்டுவிட்டு, சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்துவிடுவேன். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் ஒவ்வொரு இடத்திலிருந்தும் வந்திருக்கிறேன். சிஸ்டரின் விரல் தாளின் ஓரத்தில் இருந்தது. என் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது பக்கத்து நான்கு வரிகளும் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தாளைத் திருப்பிவிட்டுக் கேட்டேன்:

"பேனாவைத் திறந்தாரே சிஸ்டர், அது எந்தக் கட்டத்துக்கு மேலே நின்னுது?"